மூன்று பேரில் ஒருத்தியை மட்டும் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வன்னியில் நடந்த பாட்டுப் போட்டி ஒன்றைப் பற்றி அண்மையில் உங்கள் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்திருந்தது. பரிசு பெற்ற பிள்ளைகளை மனதார வாழ்த்துகிறேன். அவர்களில் இரண்டு பேரை எனக்கு நேரே தெரியும், உழைத்துப் படித்த பிள்ளைகள். நான் எழுதுவது அந்த மேடைக்கு வராமல் போன பிள்ளைகளைப் பற்றி. அவர்கள் ஏன் வரவில்லை என்பது ஏற்பாட்டாளர்களுக்கும் தெரியாமல் இருக்கலாம் என்பதால் பத்திரிகை வழியாக எழுதுகிறேன்.

நான் ஒட்டுசுட்டான் பக்கம் கர்நாடக சங்கீதம் படிப்பிக்கும் ஆசிரியை. என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் மூன்று சகோதரிகள் இருக்கிறார்கள். மூத்தவள் இந்த வருடம் சாதாரண தரம். மற்ற இருவரும் அவளுக்குக் கீழே இரண்டிரண்டு வகுப்பு இடைவெளியில். தாய் ஆடைத் தொழிற்சாலைக்கு விடிய முன்னமே பஸ் ஏறிவிடுவா. தகப்பன் இல்லை. வீட்டு வேலை, சமையல், தண்ணீர் அள்ளுவது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் இந்த மூன்று பேரும்தான். வேலை செய்யும்போது பாடுவார்கள். அயல் வீட்டில் கத்தோலிக்கக் குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளைகள் நத்தார் காலத்தில் ஆலயப் பாடகர் குழுவுக்காகப் பழகுவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டே மூத்தவள் கீழ்க்குரலைப் பிடித்துக்கொண்டாள். நடுவிலாள் மெட்டைப் பாட, கடைக்குட்டி மேலே ஏறிப் பாட, இவள் கீழே நிற்பாள். நான் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. எங்கள் முறையில் எல்லோரும் ஒரே ஸ்வரத்தில்தான் சேர்ந்து பாடுவோம். ஒருத்தி ஷட்ஜத்தில் நிற்க, மற்றவள் காந்தாரத்தில், இன்னொருத்தி பஞ்சமத்தில் நின்று, மூன்றும் ஒரே மூச்சில் நகர்வது வேறு வித்தை. அதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே வீட்டில் பழகிய பிள்ளைகளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அந்தப் போட்டிக்கு விண்ணப்பம் வந்தது. படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். தொலைபேசியில் கேட்டேன். "மூண்டு பேரையும் ஒண்டா எடுக்க ஏலாது ரீச்சர். ஆர் நல்லாப் பாடுவினமோ அவையில ஒராளை அனுப்புங்கோ" என்று சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. தாய் யோசித்து நடுவிலாளை அனுப்பினா. மெட்டைப் பாடுபவள் அவள்தானே. முதற் சுற்றில் தேறினாள், அடுத்த சுற்றில் வெளியே வந்தாள். குரல் இனிமை, ஆனால் தனியே நின்று பாடும் பலம் போதாது என்று நடுவர் ஒருவர் சொன்னாராம். அது உண்மை. அவளுடைய குரல் மெல்லியது. அக்காவின் குரல் கீழே இருக்கும்போதுதான் அதற்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. மூன்று பேரும் சேர்ந்து பாடுவது நின்றுபோனது. கடைக்குட்டிக்கு, தன்னை ஏன் அனுப்பவில்லை என்ற கோபம். நடுவிலாளுக்கு வெட்கம். மூத்தவள் ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு நின்று கேட்டாள்: "என்ரை குரலைத் தனியாக் கேட்டா ஒருத்தருக்கும் பிடிக்காது, அப்படித்தானே ரீச்சர்?" அவளுக்கு நான் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

என்னுடைய மச்சாள் ஒருவர் நெதர்லாந்தில் இருக்கிறா. அவவிடம் இந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோது, "எங்கட நாட்டிலயும் இப்பிடி மூண்டு சகோதரியள் இருக்கினம், பாருங்கோ" என்று சில காணொளிகளை அனுப்பினா. ஒல்லாந்தர் என்றால் முல்லைத்தீவில் கோட்டை கட்டியவர்கள் என்ற அளவில்தான் எங்கள் ஊரில் பேச்சு இருக்கும். அந்த நாட்டிலிருந்து இப்படிப் பாட்டுக் கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை. குழுவின் பெயர் ஓஜீன் (O'G3NE). லிசா, ஏமி, ஷெலி என்று மூன்று பேர். லிசா மூத்தவள், ஏமியும் ஷெலியும் இரட்டையர். ஃபைனார்ட் என்ற சின்ன ஊர்ப் பிள்ளைகள். தாயின் இரத்த வகை ஓ. அதையும், பரம்பரையாக வரும் மரபணுவையும், மூவர் என்ற எண்ணையும் சேர்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவர்களுடைய பயணம் ஒரு தோல்வி மாதிரித் தெரியும் இடத்தில் தொடங்குகிறது. யூரோவிஷன் என்பது ஐரோப்பிய நாடுகள் பங்குபெறும் பாட்டுப் போட்டி. 2007 டிசம்பரில் ரொட்டர்டாம் நகரில் சிறுவர்களுக்கான யூரோவிஷன் போட்டி நடந்தது. சொந்த நாட்டில், சொந்தச் சனத்தின் முன்னால். அப்போது ஓஜீன் என்ற பெயர் இல்லை, தங்கள் மூன்று பெயர்களையும் போட்டுக்கொண்டுதான் பாடினார்கள். இரட்டையருக்கு 12 வயது. 17 நாடுகள் கலந்துகொண்ட அந்தப் போட்டியில் 11ஆம் இடம். எங்கள் ஊரில் என்றால் அதோடு கதை முடிந்திருக்கும். அடுத்த முறை மூன்று பேரில் கெட்டிக்காரியை மட்டும் அனுப்புவோம் என்று பெரியவர்கள் கூடித் தீர்மானித்திருப்பார்கள். அந்த வீட்டில் அப்படி நடக்கவில்லை. தகப்பன் ரிக் வோல் பாட்டு எழுதுபவர். பிள்ளைகளை அவர் பிரிக்கவில்லை. மூன்று பேரும் வளர்ந்தார்கள், குரலும் வளர்ந்தது.

ஏழு வருடம் கழித்து, 2014இல், 'த வொய்ஸ் ஒஃப் ஹொலண்ட்' என்ற தொலைக்காட்சிப் போட்டிக்குப் போனார்கள். இன்றைக்கு உலகத்தில் எத்தனையோ நாடுகளில் நடக்கும் அந்த நிகழ்ச்சி 2010இல் முதன்முதலாகத் தொடங்கியது நெதர்லாந்தில்தான். முதற் சுற்றில் நடுவர்கள் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். பாடுபவர் கறுப்பா வெள்ளையா, பணக்காரரா ஏழையா என்று எதுவும் தெரியாது. குரல் மட்டும் காதில் விழும். பிடித்தால் நாற்காலியைத் திருப்புவார்கள். இந்த மூன்று பேரும் சேர்ந்து போகலாம் என்று அங்கே விதி இருந்தது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். யாரும் அவர்களிடம் ஒருத்தியை மட்டும் அனுப்பு என்று கேட்கவில்லை. அந்த வருடம் வென்றதும் இவர்கள்தான். அந்த நிகழ்ச்சியில் ஒரு குழு வென்றது அதுவே முதல் தடவை.

மூன்று பேரையும் தனித்தனியே அந்த மேடையில் ஏற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும்? மூன்று பேரும் நன்றாகத்தான் பாடுகிறார்கள். ஆனால் நெதர்லாந்தில் நன்றாகப் பாடும் பெண்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். இவர்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அது மூன்று குரலும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் இருக்கிறது. ஒருத்தியைப் பிரித்து எடுத்தால் அது அவளோடு வராது.

இதற்குக் காரணம் உண்டு. ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்குத் தாடையும் அண்ணமும் தொண்டையும் ஏறத்தாழ ஒரே அமைப்பில் இருக்கும். ஒரே வீட்டில் பேசிப் பழகியதால் 'ஆ'வை எவ்வளவு திறப்பது, 'ஈ'யை எங்கே இறுக்குவது என்பதும் ஒன்றாகவே இருக்கும். சேர்ந்து பாடும் குழுவைப் பழக்குபவர்களைக் கேட்டுப் பாருங்கள், சுருதியைவிட உயிரெழுத்தைச் சேர்ப்பதில்தான் நாள் போகும் என்பார்கள். ஆளுக்கொரு 'ஆ' பாடினால் சுருதி சரியாக இருந்தாலும் குரல் ஒட்டாது. சகோதரிகளுக்கு அந்த வேலையில் பாதி பிறப்பிலேயே முடிந்திருக்கிறது. அப்புறம் மூச்சு. அக்கா எங்கே மூச்சு வாங்குவாள் என்று தங்கைக்குத் தெரியும், பார்க்கத் தேவையில்லை. என்னுடைய பிள்ளைகள் மூன்று பேரும் கிணற்றடியில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தபடி ஒரே நேரத்தில் அடியை முடிப்பதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

மெட்டைப் பாடுபவளை மட்டும் கேட்டுவிட்டு, கீழ்க்குரலை யாரும் கவனிப்பதில்லை. காணொளி பார்க்கிறவர்கள் ஒரு தரம் மெட்டை விட்டுவிட்டுக் கீழே போகும் குரலை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். அது எவ்வளவு அடக்கமாக, எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று தெரியும். மூத்தவளை உட்கார வைத்து நான் அதைத்தான் கேட்கச் செய்தேன். வீட்டுக்கு அத்திவாரம் போல என்று சொன்னேன், அவள் சிரித்தாள். பிறகு அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

2017இல் நெதர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் இந்த மூன்று பேரையும் பெரியவர்களுக்கான யூரோவிஷன் போட்டிக்குத் தெரிவு செய்து அனுப்பியது. உக்ரைன் நாட்டுக் கீவ் நகரில் நடந்தது. அவர்கள் பாடிய பாட்டு 'லைட்ஸ் அண்ட் ஷடோஸ்'. ரிக் வோல், ரோரி டி கீவிட் என்ற இன்னொருவருடன் சேர்ந்து எழுதியது. அந்தக் குடும்பத்தில் தாய் நீண்ட காலமாகப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தா. பாட்டு அந்தத் தாயை நினைத்து எழுதப்பட்டது. தகப்பன் எழுதி, மூன்று பிள்ளைகளும் தாய்க்காகக் கோடிக்கணக்கான சனத்தின் முன்னால் பாடினார்கள். வன்னியில் இருக்கும் எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் வயலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடுவது எங்கள் வீடுகளில் நடப்பதுதான். எங்கள் பெண்களும் துயரத்தைச் சேர்ந்துதான் பாடியிருக்கிறார்கள். ஒப்பாரியை ஒருத்தி தொடங்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். யாரும் ஒருத்தியை எழுப்பி, நீ மட்டும் பாடு, மற்றவர்கள் வாயை மூடுங்கள் என்று சொன்னதில்லை.

யூரோவிஷன் போட்டியில் குரல் அப்போது முழுவதும் நேரடியாகவே பாடப்பட வேண்டும். பின்னணி வாத்தியம் மட்டும் ஒலிப்பதிவில் வரலாம். ஆகவே கேட்டது அவர்களுடைய குரல்தான், இயந்திரம் சேர்த்த குரல் அல்ல. அரையிறுதியில் 200 புள்ளிகளோடு நான்காம் இடம். இறுதிப் போட்டியில் 26 நாடுகளில் 11ஆம் இடம். மறுபடியும் 11! மொத்தம் 150 புள்ளிகள். அதை எப்படிக் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இசை தெரிந்த நடுவர் குழுக்கள் கொடுத்தது 135. வீட்டிலிருந்து தொலைபேசியில் வாக்களித்தவர்கள் கொடுத்தது 15.

இந்த இரண்டு எண்களையும் எங்கள் ஏற்பாட்டாளர்கள் பார்க்க வேண்டும். காரணம், இப்போது இங்கேயும் எஸ்எம்எஸ் வாக்கும் முகநூல் விருப்பமும் போட்டியின் முடிவுக்குள் வந்துவிட்டன. வெளிநாட்டில் உறவுக்காரர் அதிகம் உள்ள பிள்ளைக்கு வாக்கு அதிகம். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு யார் வாக்களிப்பார்கள்? தாயின் கைபேசியில் ஒரு வாக்கு. சனம் தவறானது என்று நான் சொல்லவில்லை. சனத்துக்குப் பிடித்ததைச் சனம் தெரிவு செய்கிறது, அது அவர்களுடைய உரிமை. ஆனால் மூன்று குரல் எப்படிச் சேர்கிறது என்பதை ஒரே தடவையில், சத்தமான அறையில், சின்னக் கைபேசியில் கேட்டுப் பிடிப்பது கடினம். அதற்குப் பழகிய காது வேண்டும். நடுவர்கள் இருப்பது அதற்காகத்தான். நடுவர் புள்ளிக்குப் பாதிக்கு மேல் பாரம் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

சகோதரிகளாக இல்லாத குழுக்களும் உண்டு. அதே நெதர்லாந்தில் 1970களின் கடைசியில் 'லவ்' என்று மூன்று பெண்கள் இருந்தார்கள். ஜோசே ஹோபே, பட்டி பிரார்ட், மார்கா ஷைடே. ஹான்ஸ் வான் ஹெமெர்ட் என்ற தயாரிப்பாளர் சேர்த்துவிட்ட குழு அது. 1978இல் 'யூ ஆர் த கிரேட்டஸ்ட் லவர்' நெதர்லாந்தில் முதலிடத்துக்கு வந்தது. 1980இல் பட்டி விலகினார், ரியா தீல்ஷ் சேர்ந்தார், 1981இல் குழு கலைந்தது. அடுத்த வருடமே ஜோசே தனியே பாடி முதலிடம் பிடித்தார். ஆகத் தனியே வெல்லவும் முடியும், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் பிறகு பல வருடங்கள் கழித்து அந்தப் பெண்கள் திரும்பத் திரும்ப ஒன்றுசேர்ந்து மேடை ஏறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தனியாகப் பாடக்கூடியவள் தனியாகவும் பாடட்டும், சேர்ந்து பாடுபவர்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

எங்கள் பள்ளிக்கூடங்களில் அந்தக் கதவு ஓரளவு இருக்கிறது. தமிழ்மொழித் தினப் போட்டியில் தனி இசையும் உண்டு, குழு இசையும் உண்டு. ஆனால் குழு இசைக்குப் பிள்ளைகளைப் பழக்கி, வலயத்துக்கும் மாகாணத்துக்கும் கொண்டுபோய்த் திரும்பியதோடு அந்தக் குழு கலைந்துவிடும். சாதாரண தரம், உயர்தரம், பிறகு வேலை, கலியாணம். பாடிய பெண்களில் அநேகம் பேரை நான் பிறகு கோயில் திருவிழாவில் சனத்தோடு சனமாக நிற்கத்தான் பார்க்கிறேன். ஒருத்தியைக் கேட்டேன், "இப்ப ஆரோட பாடுறது ரீச்சர்?" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஊர் மன்றங்கள், தொலைக்காட்சிகள், புலம்பெயர் உறவுகளின் காசில் நடக்கும் போட்டிகள் எல்லாம் தனிப் பாடகரைத்தான் தேடுகின்றன. ஒரு பிள்ளை, ஒரு ஒலிவாங்கி, ஒரு பரிசு.

இது எங்கள் மண்ணுக்கு அந்நியமான பழக்கம் என்றுகூட எனக்குப் படுகிறது. முல்லைத்தீவில் கோவலன் கூத்து எப்படி ஆடுவார்கள்? கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் இருப்பார், ஆடுபவர் பாடுவார், பிற்பாட்டுக்காரர் அந்த அடியை வாங்கித் திரும்பப் பாடுவார்கள். பிற்பாட்டு இல்லாமல் கூத்து இல்லை. நெல் அறுவடையில் பாடும் அருவி வெட்டும் சிந்து வரிசையாக நின்று வெட்டுபவர்கள் சேர்ந்து பாடியது. கும்மி, கோலாட்டம் எதைத் தனியே செய்ய முடியும்? குழுவாகப் பாடுவதை நெதர்லாந்திலிருந்து கடன் வாங்கச் சொல்லவில்லை. எங்களிடம் இருந்ததைப் போட்டிப் படிவத்தில் ஒரு கோட்டைக் கீறி நாங்களே வெளியே விட்டிருக்கிறோம்.

சரி, செய்வது என்ன? செலவு ஒன்றும் இல்லை. படிவத்தில் 'பாடகரின் பெயர்' என்ற இடத்தில் 'பாடகர் அல்லது குழுவின் பெயர்' என்று போட்டு, ஐந்து பேர் வரை சேர்ந்து வரலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மூன்று ஒலிவாங்கி வேண்டும் என்பார்கள். ஒன்று போதும். பிள்ளைகள் அரைவட்டமாக நின்று, மெட்டுப் பாடுபவள் கிட்டவும் மற்றவர்கள் ஒரு அடி தள்ளியும் நின்றால் குரல் அழகாகக் கலக்கும். புள்ளித் தாளில் 'குரல் ஒத்திசைவு' என்று ஒரு நிரல் வேண்டும். தனியாகப் பாடுபவருக்கு அந்த இடத்தில் பக்கவாத்தியத்தோடு சேரும் திறனைப் பார்க்கலாம். ஒரே பரிசுக்கு இருவகையினரையும் போட்டியிட வைப்பது நியாயமில்லை என்று யாராவது நினைத்தால் குழுவுக்குத் தனியாக ஒரு பிரிவு வைக்கலாம். ஆனால் என் சொந்த விருப்பம், ஒரே மேடை. அந்த மூன்று சகோதரிகள் தனிப் பாடகர்களோடு போட்டியிட்டுத்தான் வென்றார்கள்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். பரிசு வாங்கியவரின் தனிப்படம் போடுவது போல, எங்கள் ஊர்களில் சேர்ந்து பாடும் பெண்களைத் தேடிப் போய் எழுதுங்கள். ஆலயப் பாடகர் குழுக்களில் இருக்கிறார்கள். மன்னார் வீதியில், செட்டிகுளம் பக்கத்தில், மாந்தையில், கரையோரக் கிராமங்களில் இருக்கிறார்கள். கோயில்களில் பஜனை பாடும் அம்மாமார் இருக்கிறார்கள். ஒருவரும் அவர்களிடம் ஒலிவாங்கியை நீட்டியதில்லை.

என்னிடம் படிக்கும் மூன்று பேரும் இப்போது திரும்பச் சேர்ந்து பாடத் தொடங்கியிருக்கிறார்கள். மூத்தவளுக்குப் பரீட்சை இருப்பதால் ஞாயிறு பின்னேரம் மட்டும்தான். கடைக்குட்டி, தான் எப்போதும் மேலேயே பாட வேண்டுமா என்று கேட்டதால், இப்போது ஒரு பாட்டில் மெட்டு அவளுக்கு, நடுவிலாள் மேலே. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த போட்டிக்கான படிவம் அச்சுக்குப் போக முன்னம் ஏற்பாட்டாளர்கள் இந்தக் கடிதத்தைப் பார்த்தால் நல்லது. குழுப் பாட்டுக்கு எப்படிப் புள்ளி போடுவது என்று நடுவர்களோடு இருந்து பேச யாராவது தேவை என்றால், நான் என் செலவில் வரத் தயார். வார நாளில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, அல்லது சனிக்கிழமை காலை.

இப்படிக்கு,
இசை ஆசிரியை ஒருவர்,
ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு மாவட்டம்.